ஒளித்து வைத்த கத்திரிக்கோல்

அப்பாவின் வெள்ளைச் சட்டையில் மூன்றாவது பொத்தானைத் தைத்து முடித்தவள், நூலை வெட்டக் கத்திரிக்கோலைத் தேடினாள். மேசையில் இல்லை. தையல் மிஷின் இழுப்பறையிலும் இல்லை. ஊர்ச் சட்டைக்கெல்லாம் பொத்தான் வைத்த தையல்காரருக்குத் தன் சட்டையைக் கவனிக்க நாற்பது வருஷமாக நேரம் கிடைக்கவில்லை. இப்போது அவர் உடலை அடுத்த அறையில் கிடத்தியிருக்கிறார்கள். பதினோரு மணிக்கு வண்டி வந்துவிடும்.

"அண்ணே, கத்திரிக்கோல் எங்க?"

"உனக்கு எதுக்கு அது?"

ராத்திரிதான் வெளியூரிலிருந்து வந்திருந்த அண்ணன் அவள் மணிக்கட்டைத்தான் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மூன்று மாதம் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தவள் அவள். அங்கிருந்து வந்த மறுநாளே அப்பா பக்கத்தில் உட்கார வைத்துப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கச் சொன்னார். கத்திரிக்கோலையும் அவரேதான் கையில் கொடுத்தார். இனி இந்த வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

காலையில் அவள் லேசாக விம்மியதற்கே மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றான். "போட்டுக்கோ. கொஞ்சம் அடங்கும். இதுக்கு மேல போச்சுன்னா மறுபடி ஆஸ்பத்திரிதான்." அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

"பெத்த அப்பன் போயிட்டான், கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. திரும்ப ஆரம்பிச்சிருச்சோ என்னமோ," என்று அத்தை வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அழுதாலும் குற்றம், அழாவிட்டாலும் குற்றம் என்றால் ஒருத்தி என்னதான் செய்வாள்?

பத்தரை மணிக்கு அண்ணன் உடைந்தான். மிஷின்மேல் கிடந்த அப்பாவின் அளவு டேப் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சுவரில் தலையை மோதி மோதிக் கத்தினான். "எந்திரிப்பா, நான் வந்துட்டேன்ல," என்று செத்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"யாரும் பிடிக்காதீங்க, அழட்டும். உள்ள இருக்கறதெல்லாம் கொட்டிரட்டும்," என்றாள் அத்தை.

அவள் உள்ளே போய்த் தண்ணீரும் மாத்திரையும் எடுத்து வந்து அவன் முன் நீட்டினாள்.

"போட்டுக்கண்ணே. கொஞ்சம் அடங்கும்."

அவள் குத்திக்காட்டவில்லை. காலையில் அவன் அவளுக்குச் சொன்னதைத்தான் சொன்னாள்.

அண்ணன் மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றி புடைத்திருந்தது. பிறகு எழுந்து, பீரோவின் மேல் துணியில் சுற்றி வைத்திருந்த கத்திரிக்கோலை எடுத்து வந்தான். பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினான்.

அவள் நூலை வெட்டினாள். நான்காவது பொத்தானுக்கு ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து, ஊசிக் காது தெரியவில்லை.

"குடு," என்று அண்ணன் வாங்கினான்.

அவனுக்கும் தெரியவில்லை.