பதினேழிலிருந்து இருபத்திமூன்றுக்கு

டயாலிசிஸ் சென்டரின் பழைய டேட்டாபேஸைத் திறந்து வைத்துக்கொண்டு, நோயாளிகள் விவரம் அடங்கிய டேபிளில் முதல் பதினைந்து கட்டங்களுக்கு, புது மென்பொருளுக்கான புரோகிராமை அவள் மளமளவென்று எழுதி முடித்துவிட்டாள். பெயர், வயது, ரத்த வகை, போன் நம்பர், வாரத்தில் எந்த மூன்று நாள், எந்த ஷிஃப்ட். பதினாறாவதில்தான் வண்டி நின்றது. அந்தக் கட்டத்துக்குப் பெயர் வெறும் 'எக்ஸ்'. அறுபத்தொரு நோயாளிகளில் முப்பத்தெட்டு பேருக்கு அதில் ஒரு நம்பர் இருந்தது, மற்றவர்களுக்குக் காலி. பழைய மென்பொருளை எழுதிய புண்ணியவானுக்கு, இது என்ன என்று ஒரு வரி எழுதி வைக்க அன்றைக்குக் கை வலித்திருக்கிறது.

"தெரியலைன்னா தூக்கிடு. திங்கக்கிழமை புது சிஸ்டம் ஓடியாகணும்" என்றார் டீம் லீட். நியாயமான பேச்சுதான், சொன்ன இடம்தான் தப்பு. வீட்டில் அக்கா அவளுக்கு வைத்த பெயர் நோண்டி. முன்பின் தெரியாதவர் வீட்டுச் சுவரில் குடும்பப் போட்டோ மாட்டியிருந்தாலும், இவர் அவருக்கு என்ன வேண்டும், ஓரத்தில் நிற்பவர் ஏன் முறைக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தண்ணீரையே வாங்கிக் குடிப்பாள். அப்படிப்பட்டவளிடம் முப்பத்தெட்டு நம்பரைக் கொடுத்துவிட்டு, பார்க்காமல் தூக்கிப்போடு என்றால் ஆகிற காரியமா?

அரை மணி நேரத்தில் ஒன்று பிடிபட்டது. அந்த நம்பர் ஒவ்வொன்றும் இன்னொரு நோயாளியின் பதிவு நம்பர். ஆக, இது நோயாளியிலிருந்து நோயாளிக்குப் போகிற உறவு. ஆனால் என்ன உறவு? பதினேழுக்கு எதிரே இருபத்திமூன்று. இருபத்திமூன்றுக்கு எதிரே பதினேழு இல்லை, ஒன்பது. ஒன்பதுக்கு எதிரே யாருமே இல்லை. முப்பத்தொன்றை மட்டும் மூன்று பேர் காட்டுகிறார்கள். புருஷன் பெண்டாட்டியா என்று பார்த்தால் விலாசம் வேறு. ரத்த வகையும் ஒத்துப்போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் போனில் சொன்னாள்.

"ஆகாதவங்களா இருக்கும்டி. பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சிடாதீங்கன்னு குறிச்சு வெச்சிருப்பாங்க" என்றாள் அக்கா.

நல்ல யோசனை. ஓடிவந்து பார்த்தால், பதினேழும் இருபத்திமூன்றும் இரண்டு வருஷமாக அடுத்தடுத்த நாற்காலி. சென்டருக்கே போன் போட்டாள். எடுத்த கிளார்க்குக்குத் தெரியவில்லை. பின்னால் மெஷின்கள் கத்திக்கொண்டிருக்க, பெரிய சிஸ்டர் லைனுக்கு வந்து, "அது எங்க சமாச்சாரம்மா. இருக்கட்டும், அழிச்சிடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அது போதாதா அவளுக்கு? ராப்பகலாக அந்த முப்பத்தெட்டு ஜோடியையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது.

அழிக்கவில்லை. ரொம்ப அக்கறையாகவே எழுதினாள். ஓ.ஆர்.எம் என்கிற கருவியை வைத்து வேலை செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒவ்வொரு டேபிளுக்கும் கிளாஸ் என்று ஒரு புரோகிராம் துண்டு, எது எதோடு சேரும் என்று அதற்குள் ஒரு வரி. டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். எக்ஸ் உறவுக்கென்று தனியாக ஒரு சின்ன டேபிள் போட்டு, இரண்டு பக்கமும் நோயாளிகள் டேபிளோடு இணைத்தாள். இணைக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: நோயாளியை நீக்கினால் இந்த இணைப்பை என்ன செய்ய? நீக்கவே விடாதே என்று சொல்லலாம். இடத்தைக் காலியாக விடு என்று சொல்லலாம். சேர்த்து நீக்கிவிடு என்றும் சொல்லலாம். அவள் யோசிக்கவேயில்லை, கை தானாக மூன்றாவதை எழுதியது. ஆள் போனபிறகு வெறும் நம்பர் அந்தரத்தில் தொங்குவது சுத்தமாக வேலை செய்கிறவளுக்கு அழகா? பழைய மென்பொருளில் நீக்கும் வசதியே கிடையாது, போனவர்களும் ஓரமாக ஒரு குறியோடு அப்படியே கிடந்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பளிச்சென்று ஒரு நீக்கு பொத்தானும் வைத்துக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை, முதல் நாள் துணைக்கு என்று அவளையே சென்டருக்கு அனுப்பினார்கள். காலை ஷிஃப்ட் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. மத்தியான ஷிஃப்டுக்குப் பெரிய சிஸ்டர் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தேடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினேழு எங்கம்மா?"

"காலைல கிளார்க் சார் நீக்கிட்டாரே சிஸ்டர். கேஸ் முடிஞ்சுதுன்னு சொன்னார்."

"அவங்க நேத்து வீட்லயே தவறிட்டாங்க. கணக்கு டீச்சர். அது தெரியும் எனக்கு." சிஸ்டரின் குரல் தாழ்ந்தது. "அவங்களுக்கு எதிர ஒரு நம்பர் இருக்குமே, அது எங்க?"

"அது... என்ன நம்பர் சிஸ்டர்?"

சிஸ்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். நேரமில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது, ஆனாலும் சொன்னார். "இங்க சேர்ந்த கொஞ்ச நாள்ல, ஒவ்வொருத்தர்கிட்டயும் பேச்சோட பேச்சா கேட்டுடுவோம். உங்களுக்கு ஒண்ணு ஆனா இங்க யாருக்கு முதல்ல சொல்லணும்னு. சிலர் யாருக்கும் வேண்டாம்பாங்க. முன்ன ஒரு தடவை ஒருத்தங்களுக்குச் சொல்லாம விட்டுட்டோம். ஊசி குத்தி மெஷின்ல மாட்டினப்புறம் பக்கத்து நாற்காலி காலியா இருக்கறதைப் பார்த்துக் கேட்டாங்க. நாலு மணி நேரம்மா. எழுந்து போய் அழக்கூட முடியாது." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரையும் நான் ஞாபகம் வெச்சுக்க முடியுமா? டீச்சர் எல்லார்கூடவும்தான் நல்லா பேசுவாங்க. யாரைச் சொன்னாங்களோ."

அழிச்சிடாதீங்க என்று இவர் சொல்லித்தானே இருந்தார். தேவைப்படும் ஒரே நாளில், ஒரே நிமிஷத்தில் இல்லாமல் போகும்படி அதைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேக்கப்பிலிருந்து எடுக்கலாம்தான். ஆபீசுக்குப் போன் போட்டு, அவர்கள் தேடி எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும்.

"இருபத்திமூணு" என்றாள்.

"நிச்சயமா?"

"பதினேழுக்கு இருபத்திமூணு. எனக்கு நல்லாத் தெரியும் சிஸ்டர்."

சிஸ்டர் மத்தியானப் பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் நின்றது. "பூட்டு ரிப்பேர்க்காரர்" என்றார் மெல்ல. "ரெண்டு பேரும் குறுக்கெழுத்துக்குச் சண்டை போடுவாங்க. வந்திருப்பாரே."

அவர் எழுந்து வேகமாகப் போனார். அவள் பின்னால் போகவில்லை. கண்ணாடித் தடுப்பு வழியாக எல்லாம் தெரிந்தது. மெஷினில் ஏறுவதற்கு முன்னால் எடை பார்க்கிற இடத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, குட்டையான ஒரு பெரியவர் எடை மெஷின்மேல் ஏறி நின்றிருந்தார். மடித்த செய்தித்தாள் கக்கத்தில் இருந்ததை யாரோ நினைவுபடுத்தியிருக்க வேண்டும், அதை எடுத்துப் பக்கத்து மேஜையில் வைத்தார். சிஸ்டர் அவர் அருகில் போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பெரியவர் தலையை ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார். இறங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சிஸ்டரும் இறங்கச் சொல்லவில்லை. அவர் காலுக்குக் கீழே சிவப்பு எழுத்தில் எடை ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்தரை, ஐம்பத்தாறரை என்று மாறிக்கொண்டே இருந்தது, ஓர் எண்ணில் நிற்கவில்லை.