இடது பக்கத்து இலை

"நில்லு. அதுமேலயே நில்லு. நான் கூப்புடுற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது."

"தெரியும்ப்பா. ஆறு வருஷமா இதையேதான சொல்றீங்க."

"ஆறு வருஷமா சொல்லியும் நேத்து நகர்ந்தியே, கழுதை."

அல்வினா குனிந்து பார்த்தாள். அவள் காலடியில் காய்ந்த மோபானி இலை ஒன்றில் மிளகளவு ரத்தம் உறைந்திருந்தது. நேற்று மாலை வயிற்றில் குண்டு வாங்கிக்கொண்டு ஓடிய ஓரிக்ஸ் மான் விட்டுப்போன கடைசித் துளி. அடுத்த துளி கிடைக்கும்வரை ஒருவர் இதை விட்டு அசையக் கூடாது. இதைத் தொலைத்தால் தடமே தொலைந்த மாதிரி.

அவள் அப்பா ஃபெஸ்டுஸ் கோலால் தரையைத் தொட்டுத் தொட்டு முன்னே போனார். பத்தடி பின்னால், துப்பாக்கியோடு பண்ணைக்காரர் டெட்லெஃப். அவருக்கும் பின்னால் ஸ்பெயினிலிருந்து வந்த விருந்தாளி. பல் டாக்டர். வந்த மூன்று நாளில் பண்ணையில் இருந்த அத்தனை பேர் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்ட மனிதர், இன்று காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பாகச் சுட்டது அவர்தான்.

"டாக்டர் மூஞ்சியப் பாரு," என்று அப்பா திரும்பாமலே சொன்னார். "அவரோட பல்லையே யாரோ புடுங்கின மாதிரி."

"பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க?"

"மூச்சு விடுறதுலயே தெரியுது."

அவருக்கு இப்போதெல்லாம் எல்லாமே அப்படித்தான் தெரிந்தது. இடது கண் இரண்டு வருஷமாக இருட்டு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கண் பளிச்சென்று இருக்கும். வலது கண்ணும் மங்க ஆரம்பித்திருந்தது. இது அல்வினாவுக்கு மட்டும்தான் தெரியும். மேலண்ணத்தில் நாக்கை வைத்து அவள் ஒரு சொடுக்குப் போட்டால் வலது. இரண்டு போட்டால் இடது. மூன்று என்றால் நில். அவர்கள் தமரா மொழியே சொடுக்குகளால் ஆனது என்பதால், அப்பாவும் மகளும் ஏதோ பேசிக்கொண்டு போகிறார்கள் என்றுதான் விருந்தாளிகள் நினைத்தார்கள். விஷயம் வெளியே வந்தால் அப்பாவை அன்றைக்கே பண்ணை வாசல் கேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வருகிற வண்டிக்குக் கேட்டைத் திறந்து, போன பிறகு மூடுகிற வேலை. "அதுக்கு என்னைச் சுட்டுரச் சொல்லு," என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துச் சொன்னால்தான் பயம்.

அப்பா முப்பது தப்படி போய்விட்டார். எதிரே கறுமுள் புதர். காற்று அவரிடமிருந்து அல்வினாவை நோக்கி வீசியது.

அப்போதுதான் பார்த்தாள். புதருக்குள், கோணலும் மாணலுமான கிளைகளுக்கு நடுவே, கறுப்பாக இரண்டு நேர்கோடுகள். முள்மரத்தில் நேரான கிளையே கிடையாது.

கொம்பு.

அப்பா அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். கத்தினால் நின்றுவிடுவார். கத்தினால், பத்தடியில் படுத்திருப்பதைக்கூட அவர் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாளையிலிருந்து கேட்.

அவள் மூன்று சொடுக்குப் போட்டாள்.

காற்று அதை அப்பாவிடம் சேர்க்கவில்லை. அவர் இன்னொரு அடி வைத்தார்.

"அப்பா!"

அவள் கத்தவும் புதர் பிளக்கவும் சரியாக இருந்தது. சுட வழியில்லை, நடுவில் அப்பா. டெட்லெஃப் துப்பாக்கியை உயர்த்தியபடியே பக்கவாட்டில் ஓடினார். மான் ஒரே குத்துக் குத்தித் தலையை இழுத்துக்கொண்டு மரங்களுக்குள் மறைந்தது.

கொம்பு தொடையில் ஏறியிருந்தது. டெட்லெஃப் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டினார். பல் டாக்டர் மண்டியிட்டு, தன் உடம்பு பாரம் முழுவதையும் இரண்டு கைகளில் போட்டு அழுத்தினார். முழங்கை வரை சிவந்துபோனது. அப்பா, ஓடி வந்து குனிந்த அல்வினாவுக்குச் சற்றுத் தள்ளி, வெறும் காற்றைப் பார்த்தார்.

"யாரது?"

"நான்தாம்ப்பா."

"துளிமேல யாரு நிக்கிறா?"

அவள் திரும்பி இலை இருந்த பக்கம் பார்த்தாள்.

"விட்டுட்டா வந்த?"

"இல்லப்பா. என் தொப்பிய வச்சிட்டுத்தான் வந்தேன்."

"அப்ப சரி," என்றார்.

டெட்லெஃப் நிமிர்ந்து, அவள் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த பெல்ட்டை இன்னும் இறுக்கினார்.

சிறிது நேரத்தில் அப்பாவின் மூச்சு அடங்கியது. டாக்டர் கைகளை எடுத்தார்.

ஒச்சிவரோங்கோ டவுனிலிருந்து போலீஸ் வர இரண்டு மணி நேரமாகும் என்றது டெட்லெஃபின் கை ரேடியோ. டாக்டர் தன் கோட்டைக் கழற்றி அப்பாமேல் போர்த்தினார். அல்வினா எழுந்து திரும்பி நடந்து, அந்த மோபானி இலைமேல் போய் நின்றாள்.

"அல்வினா, என்ன பண்ற?" என்றார் டெட்லெஃப்.

"அது வயித்துல குண்டோட ஓடுது, மிஸ்டர். நீங்க வர்றீங்களா, இல்ல துப்பாக்கியக் குடுக்குறீங்களா?"

டாக்டர், தான் இங்கேயே இருப்பதாகக் கையால் ஜாடை காட்டி, அப்பாவின் முகத்தில் ஈ ஓட்டத் தொடங்கினார். அல்வினாவும் டெட்லெஃபும் போனார்கள். துளி, தடம், துளி. யாரும் சொடுக்குப் போடவில்லை. நாக்கு மட்டும் தானாக மேலண்ணத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

"எனக்குத் தெரியும்," என்றார் டெட்லெஃப் பின்னாலிருந்து.

அவள் குனிந்து ஒரு புல்லைத் திருப்பிப் பார்த்தாள். "எது?"

"கண்ணு. போன வருஷத்துலேர்ந்து."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வேட்டை முடிஞ்சு குடுக்குற இலைய எல்லாரும் தொப்பில வலது பக்கம் சொருகுவாங்க. ஃபெஸ்டுஸ் மட்டும் இடது பக்கம் சொருக ஆரம்பிச்சாரு. ஏன்னு கேட்டேன். அந்தப் பக்கம் சும்மாத்தான கெடக்குன்னாரு. ஒரு வாரம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது."

"தெரிஞ்சும் ஏன் முன்னாடி அனுப்புனீங்க?"

"நீ ஏன் மொதல்லயே கத்தல?"

அவள் அடுத்த துளியை நோக்கி நடந்தாள்.

மான் ஓர் எறும்புப் புற்றின் நிழலில் கிடந்தது. தலையைத் தூக்கியது. டெட்லெஃப் ஒரே ஒரு முறை சுட்டார். பிறகு வழக்கப்படி இலையோடு ஒரு பச்சைக் கிளையை ஒடித்து, ஒரு துண்டை அதன் வாயில் வைத்தார், கடைசிக் கவளமாக. மற்றொன்றை ரத்தத்தில் தொட்டு இரண்டாக ஒடித்தார். சுட்டவருக்குப் பாதி, தடம் பார்த்தவருக்குப் பாதி. ஒரு பாதியை அவளிடம் நீட்டினார். அவள் அதைத் தன் தொப்பியில் செருகவில்லை.

திரும்பி வந்தபோதும் டாக்டர் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். அல்வினா புதரில் மாட்டியிருந்த அப்பாவின் தொப்பியை எடுத்து, முட்களைத் தட்டிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. கேட்டைத் திறந்துவிட ஆள் இல்லாமல் அது ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"இப்ப போலீஸ் வந்துருவாங்க. பார்ப்பாங்க, கேப்பாங்க," என்றாள் டெட்லெஃபிடம். ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் இலை. "வலது பக்கந்தான் வழக்கம். இடதுன்னா ஏன்னு சொல்லணும். நீங்க சொல்லுங்க மிஸ்டர், எந்தப் பக்கம் சொருகட்டும்?"