மூன்று சுற்று மந்திரம்

அக்கா இறந்த பிறகும் அவளுடைய மந்திரக்காரி எங்கள் மேஜையில் உயிரோடு இருந்தாள். ஞாயிறுதோறும் தையல்கடையில் துணி வெட்டும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் பகடை உருட்டி ஆடும் கற்பனைச் சண்டையில் அக்கா ஆடிய பாத்திரம் அவள். மந்திரக்காரியின் பலம், மந்திரம், காயம் எல்லாம் அக்கா கைப்பட எழுதிய ஒரே தாளில் இருந்தன. அவள் புருஷன், என் மாமா, அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வருவார். தன் வாள்வீரனுக்கும் மந்திரக்காரிக்கும் அவரே பகடை உருட்டுவார். ஆட்டத்தை நடத்தும் நான் எதிரிகளுக்கு உருட்டுவேன், விழுந்தது யாருக்கும் தெரியாதபடி அட்டைத் தடுப்புக்குப் பின்னால்.

தையல்காரர்தான் ஆரம்பித்தார். "அந்தப் பொம்பள ஒரு மந்திரம் சொன்னா சண்டையே முடிஞ்சுபோவுது. நாங்க என்ன, வேடிக்கை பாக்கவா வர்றோம்?"

நியாயமான பேச்சு. எனக்கோ நியாயஸ்தன் என்று பேர் வாங்க ஆசை. புதுச் சட்டம் போட்டேன். பெரிய மந்திரத்துக்கு மூன்று சுற்று ஆகும். அதுவரை அவள் நகரக் கூடாது, கவசம் கிடையாது, ஓர் அடி விழுந்தாலும் உயிர் போய்விடும். மற்றவர்கள் காவல் நிற்கட்டும். யாரும் குறை சொல்லாதிருக்க அட்டைத் தடுப்பையும் எடுத்துவிட்டேன். ஆட்டத்தில் செத்த பாத்திரத்தின் தாளை அதை ஆடுபவரே கிழிக்க வேண்டும் என்ற எங்கள் வழக்கத்தை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வாரமே சண்டை. தையல்காரர் சாக்கட்டியால் மேஜையில் ஒரு பாலம் வரைந்தார். மந்திரக்காரி மந்திரத்தைத் தொடங்கினாள். முதல் சுற்றிலேயே தையல்காரரின் வீரன் அடிபட்டு விழுந்தான்.

"அண்ணே, ரெண்டடி வந்து என்னைத் தூக்கி விடுங்கண்ணே!"

"அவள விட்டு நகர மாட்டேன்," என்றார் மாமா. இரண்டாம் சுற்றிலும் அதே பதில்தான்.

மூன்றாம் சுற்றில் எதிரிகளில் ஒரே ஒரு வில்லாளி மிச்சம். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தால்தான் அம்பு அவள்மேல் படும். எல்லார் கண்ணெதிரிலும் உருட்டினேன். இருபது.

தையல்காரர், "சட்டமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், திருப்பிப் போடு தம்பி," என்றார். நானும் பகடையை எடுக்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்டா. ஆஸ்பத்திரியில அவ போனப்ப நான் கீழ டீ குடிச்சிட்டு இருந்தேன். இன்னைக்குப் பக்கத்துலயேதான நின்னேன்?"

"ஆமா மாமா. நகரவே இல்ல."

"அப்படியும் போயிட்டாளே," என்று சொல்லிவிட்டு, உறையிலிருந்து தாளை வெளியே எடுத்தார்.