கரண்டியைப் புதைத்த குழி

மண்ணுக்குள் இரும்பு தேடும் மெஷின்காரர் முதல் வித்தையை எங்கள் சமையலறையிலேயே காட்டினார். என் தம்பியின் தொடை எலும்புக்குள் டாக்டர் வைத்த எஃகுக் கம்பி எவ்வளவு நீளம் என்று கேட்டார். அம்மா நீளக் கரண்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து, ஏறக்குறைய இவ்வளவு என்றாள். அவர் அதைத் தரையில் வைத்துவிட்டு, கருவியை முழங்கால் உயரத்தில் நீட்டினார். காது கிழிகிற மாதிரி அது கத்தியது. இதற்குத் தப்பி எதுவும் போகாது என்று பெருமை வேறு. எனக்கு அந்த ஆளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாயும் அந்த மெஷினும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

தம்பியை வேலைக்குப் போகும் வழியில் சீருடைக்காரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று பிடிபட்டவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. எல்லாரையும் செங்கல் சூளைக்குப் பின்னால் புதைத்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. ஆட்சி மாறியதும், எல்லாக் குடும்பமும் சம்மதித்தால் தோண்டலாம் என்று ஒரு கமிட்டி வந்து சொன்னது. மற்ற வீடுகள் சம்மதித்துவிட்டன. அம்மா மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. முதலில் மெஷின் வைத்துப் பார்க்கட்டும், என் பிள்ளை காலில்தான் கம்பி இருக்கிறதே என்றாள். மெஷின்காரரைத் தேடிப் பிடித்து வந்ததும் அவள்தான்.

சூளை நிலத்தில் அவர் பின்னாலேயே அம்மா நடந்தாள். ஆணிகள் கிடைத்தன, பாட்டில் மூடிகள் கிடைத்தன, ஒரு லாரி போல்ட்டும் கிடைத்தது. மற்ற இடமெல்லாம் மெஷின் வாயைத் திறக்கவில்லை. அவன் இங்கே இல்லை, தோண்ட வேண்டாம் என்று அம்மா கமிட்டியிடம் அங்கேயே சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் தம்பியின் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அதைப் பார்த்து, அவன் வந்துவிடுவான் என்று எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கிடைத்ததெல்லாம் மேல் மண்ணில் கிடந்தவை. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த மெஷின்காரரைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனேன். எங்கள் கொல்லையிலும் அதே செம்மண்தான். முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, அதே கரண்டியைப் போட்டு மூடி, இப்போது வையுங்கள் என்றேன்.

மெஷின் கம்மென்று இருந்தது. கரண்டியை மேலே மேலே வைத்துப் பார்த்தோம். ஒரு சாண் ஆழத்துக்கு வந்த பிறகுதான் லேசாக முனகியது. ஆளைப் புதைக்கிறவன் ஒரு சாணிலா புதைப்பான்?

"ஏன்யா எங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்கிற? முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொன்னேம்மா. காத்துல பிடிக்கிற ஆழம் மண்ணுல வராது, இந்தச் செம்மண்ணுல சுத்தமா வராதுன்னு உங்கம்மா என்னத் தேடி வந்த அன்னிக்கே சொன்னேன். பரவால்ல, நீங்க வாங்கன்னாங்க."

திரும்பினேன். கொடியில் காய்ந்த சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தியாம்மா?"

"தோண்டினா அவன் கெடச்சிருவான்டி," என்றாள்.

எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த வீட்டுக்காரி தன் புருஷனின் உடலுக்காகக் காத்திருக்கிறாள், நீ ஒருத்தி வேண்டாமென்றால் அவள் எங்கே போவாள் என்று கேட்டேன். அம்மா குழியருகே உட்கார்ந்து, கரண்டியை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துக்கொண்டே இருந்தாள். மெஷின்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்.

கரண்டி சுத்தமானதும் அம்மா எழுந்தாள்.

"சரி, தோண்டச் சொல்லு. ஆனா பாத்துத் தோண்டணும். அவனுக்கு அந்தக் கால் வலிக்கும்."