முப்பத்திரண்டு ஆரஞ்சுச் சட்டைகள்

சித்திக்குக் குழந்தைகள் என்றாலே ஆகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. குழந்தைச் சட்டை தைப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சட்டைக்குள் இருக்கிற குழந்தையோடுதான் தகராறு. அளவெடுக்க நில் என்றால் நிற்காது, கையைத் தூக்கு என்றால் காலைத் தூக்கும். அப்படிப்பட்டவள் தலையில் இரண்டு குழந்தைகளைக் கட்டிவிட்டு, அவளுடைய அக்கா மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். அத்தான் கப்பலில். இறங்கிவர இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

பெரியவனுக்கு ஆறு வயது. வாய் ஓயாது, ஆனால் சொன்னால் கேட்பான். சின்னவளுக்கு இரண்டரை. வீட்டில் உருண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். இந்த உருண்டைதான் நாலு நாளாகச் சித்தியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஊட்டினால் சாப்பிடுவாள், அண்ணன் பக்கத்தில் படுத்தால் தூங்குவாள். சித்தி தூக்கினால் மட்டும் உடம்பை விறைத்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு அலறல்.

"என்னடி பண்ணிட்டேன் உன்னை? கிள்ளினேனா, அடிச்சேனா?" என்று சித்தி கேட்பாள். உருண்டை அண்ணன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, அத்தானின் அக்காவுக்குப் போன் போட்டாள். குழந்தைகளுக்கு அத்தை அவள். ஐந்து மணி நேரப் பயணத்தில் வேறு ஊரில் இருக்கிறாள்.

"பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, அவனை நகத்த முடியாது. சின்னதை வேணா நான் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றாள் அத்தை. "நாளைக்குச் சாயங்காலம் கூப்பிடறேன். அதுக்குள்ள உங்கிட்ட ஒட்டிக்கிட்டா சரி. இல்லேன்னா ராத்திரியே பஸ் ஏறிடறேன்."

சித்தி சரி என்றுவிட்டாள். போனை வைத்த பிறகுதான் கதவோரம் பெரியவன் நிற்பதைப் பார்த்தாள். அன்று ராத்திரி அவன் தங்கையின் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். அந்த இரண்டு கைகளையும் பார்த்ததிலிருந்து சித்திக்கு மனசே சரியில்லை.

அதனால்தான் மறுநாள் மாலை பூங்கா. விளையாட்டு காட்டியாவது வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்ற கடைசி நப்பாசை. அதற்கென்று விடிவதற்குள் இரண்டு சட்டைகள் தைத்திருந்தாள். குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்கு முப்பது சட்டைகள் தைத்துக் கொடுத்ததில் துணி மிஞ்சியிருந்தது. கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. இதைப் போட்டுவிட்டால் எந்தக் கூட்டத்திலும் கண்ணில் பட்டுவிடுவார்கள், தொலையவே மாட்டார்கள் என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மணல்தொட்டியருகே இருவரையும் விட்டாள். "நீ போய்ச் சறுக்குமரத்துல விளையாடுடா. இவளை நான் பாத்துக்கறேன்," என்று பெரியவனை விரட்டினாள். அண்ணன் பக்கத்தில் இருக்கிறவரை உருண்டை தன்னிடம் வரமாட்டாள் என்பது அவள் கணக்கு. உருண்டை முறைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மணலைத் தோண்ட ஆரம்பித்தாள்.

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறந்ததும் திமுதிமுவென்று ஓடிவந்தன முப்பது ஆரஞ்சுச் சட்டைகள்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பாய்ந்துபோய்த் தன் பிள்ளையைப் பிடித்திருப்பார்கள். சித்தி என்ன செய்தாள் தெரியுமா? கழுத்துப்பட்டை பார்த்தாள். முப்பதும் ஒரு சுருக்கம் இல்லாமல் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது என்று பூரித்துப்போய் நின்றாள். ஒரு நிமிஷம்தான். திரும்பிப் பார்த்தால் மணல்தொட்டி முழுக்க ஆரஞ்சு. உருண்டை இருந்த இடத்தில் வேறொரு குழந்தை மண் தின்றுகொண்டிருந்தது.

"உருண்டை!"

யாரும் திரும்பவில்லை. கூப்பிட்டால் வருகிற பிள்ளையா அது!

சித்தி ஊஞ்சலுக்கு ஓடினாள், சீசாவுக்கு ஓடினாள். எங்கே பார்த்தாலும் தன் கையால் தைத்த சட்டை. தையலைப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஆரஞ்சு நூல் தீர்ந்துபோய், உருண்டையின் சட்டை ஓரத்தை நீல நூலில் அடித்திருந்தாள். குனிந்து ஒவ்வொரு குழந்தையின் சட்டை நுனியாகத் திருப்பிப் பார்த்தாள். நீல நூல்! வாரி எடுத்தாள். வேறு யாரோ. இன்னொரு நீல நூல். அதுவும் வேறு யாரோ. கடைசிப் பத்துச் சட்டைகளுக்கும் அதே நீல நூலைப் போட்டு, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று தள்ளிவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, குழந்தைங்க சட்டையெல்லாம் தூக்கிப் பாக்குறீங்க?" என்று பெஞ்சிலிருந்த ஒரு அம்மாள் அதட்டினாள்.

"எம் பொண்ணைக் காணோங்க," என்றாள் சித்தி. எம் பொண்ணு என்று சொன்னதை அவள் கவனிக்கக்கூட இல்லை.

"என்ன உயரம்? என்ன அடையாளம்?"

மார்பளவு இருபத்தொன்று, தோள் ஒன்பது, முழுநீளம் பதினைந்து என்று வாய்வரை வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அடையாளம் சொல்லத் தெரியவில்லை. நாலு நாளாக ஒரே வீட்டில் இருந்தும் இந்தக் குழந்தையை நான் பார்க்கவே இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இன்னும் ஒரு சுற்றுத் தேடுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட, காப்பக டீச்சர் விசிலை ஊதினாள். திரும்பிப்போகும் நேரம் போலிருக்கிறது. நீளமான கயிறு ஒன்றில் வரிசையாக வளையங்கள். ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் வாசலை நோக்கி ஊர்ந்தன. "பிடிச்சுக்கோங்க, விட்டா தொலைஞ்சு போயிடுவீங்க!" என்று டீச்சர் கத்திக்கொண்டே எண்ணினாள். "இருபத்தொம்பது, முப்பது. சரியா இருக்கு!"

சித்தி வரிசையைப் பார்த்தாள். எல்லாம் முதுகுகள். முகமும் தெரியவில்லை, நூலும் தெரியவில்லை. ஆனால் பதினேழாவதாக ஒன்று, வயிற்றை முன்னால் தள்ளி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய அதிகாரி மேற்பார்வைக்குப் போவதுபோல் போய்க்கொண்டிருந்தது. காலையில் பல் விளக்கப் போவதும் இந்த நடைதான். கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவதும் இந்த நடைதான். ஐயோ, எனக்குத் தெரிகிறதே! சந்தேகமே இல்லாமல் தெரிகிறதே!

"டீச்சர்! வேனை நிறுத்துங்க! அது எங்க வீட்டுது!"

"கணக்கு சரியா இருக்கேம்மா?"

"உங்க குழந்தை ஒண்ணு எங்கேயோ இருக்கு, தேடுங்க!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தாள். டீச்சர் அலறியடித்துக்கொண்டு ஓடியதும், குழாய்ச் சறுக்குமரத்துக்குள் ஒரு பொடியன் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்ததும் பிறகு நடந்தவை.

உருண்டையின் எதிரே போய் நின்றாள் சித்தி. வாரி எடுக்கக் கை பரபரத்தது. எடுத்தால் விறைப்பாள், அலறுவாள். எடுக்கவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நொடி, சிறுபிள்ளைபோல் ஓவென்று அழுதாள். பூங்காவே பார்த்தது, பார்த்தால் பார்க்கட்டும்.

உருண்டை வளையத்தை விடாமல் சித்தியை உற்றுப் பார்த்தாள். பெரியவர்கள் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை. நிதானமாக ஒரு அடி எடுத்துவைத்தாள். தன் வளையத்தைச் சித்தியின் கைக்குள் திணித்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"நீ பிடி," என்றாள். "தொலைஞ்சு போயிடாத."

அப்புறம் இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

சித்தி தூக்கினாள். விறைப்பு இல்லை. மண்ணும் வியர்வையும் மணக்கிற கனமான தலை அவள் தோளில் வந்து சாய்ந்தது. சித்தி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

மூச்சிரைக்க ஓடிவந்த பெரியவன் தங்கையைப் பார்த்தான், சித்தியின் முகத்தைப் பார்த்தான். சித்தியின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டான். பூங்கா வாசலுக்கு வருவதற்குள் உருண்டை தூங்கியே விட்டாள். அப்போதுதான் சித்தியின் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுக்கக் கை இல்லை. பெரியவன்தான் பையைத் துழாவி எடுத்தான். திரையைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிப்போனது.

"அத்தை," என்றான். "என்ன சொல்லட்டும்?"

"வர வேண்டாம்னு சொல்லு."

அவன் போனைக் காதில் வைத்தான். "அத்தை, நீங்க வர வேணாமாம். மெதுவாப் பேசுங்க, பாப்பா சித்தி தோள்ல தூங்குறா," என்றான். அத்தை பதில் சொல்வதற்குள், மனசு மாறிவிடப் போகிறார்களோ என்ற பயத்தில், போனை அணைத்தே விட்டான்.