அறுபத்தொரு கிலோ

நான்கு கிலோ எடையுள்ள இரும்பு வாணலியை எடுத்துக் கடைக்கூடையில் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். மோட்டார் சைக்கிளில் போய்க் கூடாரம் போட்டுத் தங்குகிறவன் எவனும் இரும்பு வாணலியைத் தூக்கிக்கொண்டு போகமாட்டான். போனால் அவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று அர்த்தம். என் மனைவி அதைப் பார்த்தாள். ஒரு கையால் தூக்கியும் பார்த்தாள்.

"நல்லா கெட்டியா இருக்குங்க. எடுத்துக்கலாம்" என்றாள்.

எனக்கு அங்கேயே, காஸ் அடுப்புகள் அடுக்கியிருந்த அலமாரி முன்னாலேயே, அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

விவரமாகச் சொன்னால்தான் புரியும். நான் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ தாங்கும் என்பதுதான் என் பிழைப்பு. அவள் ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். உப்பை மில்லிகிராம் சுத்தமாக நிறுத்து வைக்கிறவள். எடை என்று வந்துவிட்டால் எங்கள் இருவருக்கும் குடுமிப்பிடிச் சண்டைதான். கல்யாணமான புதிதிலிருந்தே மாதம் ஒருமுறை பைக்கில் கிளம்பிவிடுவோம். மகள் பிறந்த பிறகும் அவளை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு சாமானாக என் மனைவி கையில் தூக்கிப் பார்ப்பாள். டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டியவள் அவள். "யோவ், எதுக்குய்யா ரெண்டு டார்ச்சு? உனக்கு என்ன நாலு கண்ணா?" என்பாள். நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வண்டியைக் கிளப்புவேன்.

அதெல்லாம் ஒன்பது வருடத்துக்கு முன்னால். கடைசியாகப் போனபோது ஜல்லிச் சரிவில் வண்டி சாய்ந்து என் வலது கணுக்காலின் மேல் விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. மூன்று அறுவை சிகிச்சை, எட்டு மாதம் படுக்கை. வண்டியை விற்றோம். கூடாரத்தை யாருக்கோ கொடுத்தோம். அவளுடைய சண்டையும் அதோடு போய்விட்டது. எதைக் கேட்டாலும் "சரிங்க", இல்லாவிட்டால் "உங்க இஷ்டங்க". உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "என் வீட்ல நான் வெச்சதுதான் சட்டம்" என்று வேலையிடத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் மகள் விடுதியில் சேர்ந்தாள். அதன் பிறகுதான் வீட்டின் லட்சணம் தெரிந்தது. மகள் இருந்தவரை அவளும் நானும் எதற்காவது கத்திக்கொண்டே இருந்தோம். இப்போது வேலை முடிந்து வந்தால் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது. டிவியில் என்ன பார்க்கலாம் என்று கேட்டால் என் இஷ்டம். ஜன்னலைத் திறக்கவா, மூடவா? அதுவும் என் இஷ்டம். ஒரு நாள் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக நான்கு தடவை செய்து பார்த்தேன். என்னங்க பைத்தியமா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே தனியாக இருப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதனால்தான் பழைய பைக் ஒன்றை வாங்கிப்போட்டு, மறுபடியும் கிளம்பலாமா என்று கேட்டேன். சரிங்க என்றாள். சாமான் வாங்கப் போனாலாவது பழைய வாய் திரும்பும் என்று கணக்குப் போட்டேன். பெண்டாட்டியோடு சண்டை போட ஆசைப்பட்டு அவளைக் கடைக்குக் கூட்டிப்போன புருஷன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைக்காரனை நாங்கள் தாடி என்றுதான் கூப்பிடுவோம். இப்போது தாடி இல்லை, பெயர் மட்டும் மிச்சம். அந்தக் காலத்தில் அவளைக் கண்டாலே அவனுக்கு உதறல். கூடார முளைகள் அட்டையில் போட்டிருப்பதைவிட எண்பது கிராம் அதிகம் என்று சொல்லி முழுக் கூடாரத்தையும் அவன் மேஜையில் திருப்பி வைத்தவள் ஆயிற்றே! இன்றைக்கு இரண்டு கூடாரங்களை விரித்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணி, இது மூணரை கிலோ. மழைக்குப் பயமே இல்ல. இது ஒண்ணே முக்கால், ஆனா காத்துக்குக் கொஞ்சம் ஆடும். நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும் நல்லாருக்குப்பா. அவரு எது சொல்றாரோ அது."

தாடியின் முகம் தொங்கிப்போனது. என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "என்னண்ணே, அண்ணிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றான்.

"அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கா."

"உங்க காலு இப்ப எப்படி இருக்கு?"

வழக்கமாகச் சொல்கிறதை, அவளுக்கும் கேட்கிற மாதிரி, உரக்கவே சொன்னேன். "எல்லாம் உங்க அண்ணி புண்ணியம்யா. அன்னிக்கு அந்த கனமான பூட்ஸு வேணாம், கேன்வாஸ் போதும்னா. கேட்டேன். மூணு ஆபரேஷன்! அதுலேருந்து பொண்டாட்டி பேச்சைக் கேக்கறதா இருந்தா ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் கேக்கறது."

தாடி விழுந்து விழுந்து சிரித்தான். எல்லோரும் சிரிக்கிற இடம்தான் அது. அவளும் லேசாகச் சிரித்துவிட்டுக் கயிறுகள் தொங்கிய பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கனமான கூடாரத்தையே எடுத்தேன். ஸ்டூல் போதாதென்று கைவைத்த மடக்கு நாற்காலி இரண்டு. காது கிழிகிற அளவுக்குக் கத்துகிற ஒரு ஸ்பீக்கர். கடைசியில் அந்த வாணலி.

வீட்டுக்கு வந்து, அடுப்பு, சிலிண்டர், நிரப்பிய தண்ணீர் கேன்கள் உட்பட எல்லாவற்றையும் ஹாலில் பரப்பினேன். சாயங்கால வெயில் பாய்மேல் விழுந்திருந்தது. கொக்கித் தராசில் ஒவ்வொன்றாக மாட்டி நிறுத்தேன். அவள் எதிரே உட்கார்ந்து படுக்கைப் பைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கூட்டிப் பார்த்தால் அறுபத்தொரு கிலோ. நாங்கள் இருவர் உட்கார்ந்த பிறகு அந்த வண்டி தாங்குவது முப்பது, மிஞ்சிப் போனால் முப்பத்தைந்து.

"அறுபத்தொண்ணு" என்றேன்.

"கட்டிடலாங்க. மேல இன்னொரு கயிறு போட்டா நிக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! தராசைத் தரையில் போட்டேன். "ஏய், உனக்கு அறிவிருக்கா? முதல் வளைவுலயே ரெண்டு பேரும் போய்ச் சேந்துடுவோம். இது உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்!"

அவள் சுருட்டிய பையின் நாடாவைக் கட்டி முடித்தாள். குரல் உயரவில்லை.

"சொன்னேனே. ஒருவாட்டி சொன்னேன். அதைத்தான் ஒன்பது வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கீங்களே."

"எதை?"

"ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த உங்க ஆளுங்ககிட்ட. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட. நம்ம பொண்ணோட வார்டன்கிட்ட. இன்னிக்குத் தாடிகிட்ட."

"அட, அது சும்மா தமாஷுக்கு."

"தெரியும். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்." கொஞ்ச நேரம் பையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அந்த எட்டு மாசமும் உங்க காலைத் துடைச்சு விடறப்பல்லாம் இது என்னால ஆச்சு, என் வாயால ஆச்சுன்னுதான் நெனச்சேன். அப்புறம் எதைச் சொல்லவும் பயம். பொண்ணு எந்தக் காலேஜ்னு நீங்க கேட்டப்பகூட உங்க இஷ்டம்னுதான் சொன்னேன். நான் ஒண்ணு சொல்லி, அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா? சோப்புகூட உங்களைக் கேட்டுட்டுத்தான் வாங்கறேன். கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்திருந்தேன். மரியாதை என்று நினைத்திருந்தேன்.

  அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தச் சரிவில் இறங்கும்போது அவள் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். மெதுவாகப் போ என்று எங்களுக்குள் அதற்கு அர்த்தம். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. முன்னால் போன ஒரு சின்னப் பயலின் வண்டியை முந்துகிற வீம்பு. முதல் அறுவை சிகிச்சை முடிந்த அன்றே டாக்டர் என்னிடம் சொன்னார், அந்த வேகத்தில் அவ்வளவு பாரம் விழுந்தால் எந்த பூட்ஸும் காப்பாற்றியிருக்காது என்று. அவள் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள். பார்க்க வருகிறவர்களிடம் என் வீம்பைச் சொல்வதைவிட அவள் பேச்சைச் சொல்வது சுலபமாக இருந்தது. சிரிப்பும் கிடைத்தது. சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிப்போனது.

இதை விழுங்கிவிட்டு மன்னிப்பு மட்டும் கேட்டிருக்கலாம். அவளும் மன்னித்திருப்பாள். ஆனால் சோப்பு விஷயம் என்னை விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தோளில் தட்டியது, அந்தப் பயல், டாக்டர், ஒன்றுவிடாமல். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. வாணலியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் சுருட்டிய பையைக் கீழே வைத்தாள்.

"பூட்ஸு போட்டிருந்தாலும்?"

"ஒடஞ்சிருக்கும்."

"டாக்டர் எப்ப சொன்னாரு?"

"முதல் ஆபரேஷன் அன்னிக்கே."

விரலை மடக்கி எதையோ எண்ணுகிறவளைப்போல உட்கார்ந்திருந்தாள். பிறகு அழுதாள், சத்தம் வராமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. நான் கையை நீட்டினேன். நகர்ந்து உட்கார்ந்தாள். என்னை மன்னிச்சுடு என்றேன். தப்புதான், பெரிய தப்புதான் என்றேன். எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு படுக்கைப் பைகளில் தன்னுடையதை மட்டும் குவியலிலிருந்து எடுத்துச் சுவரோரமாக வைத்தாள். அவளுடைய ஹெல்மெட்டையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நான் வரல" என்றாள்.

ஒன்பது வருடத்தில் என்னைக் கேட்காமல் அவள் எடுத்த முதல் முடிவு. இதற்காகத்தானே அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன்? 

"இந்த வாரம் வேணாம். அடுத்த மாசம் போலாமா?"

"தெரியல."

"அப்புறம் எப்பத்தான்?"

"என்னைக் கேக்காதீங்க. வரணும்னு எனக்குத் தோணினா நானே சொல்றேன். தோணலைன்னாலும் நானே சொல்றேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஹாலில் பரப்பிக் கிடந்த சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். வெயில் பாயை விட்டு இறங்கிப் போயிருந்தது. கதவைத் தட்டலாமா என்று இரண்டு முறை எழுந்தேன், இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டேன்.