இருபத்தெட்டு அங்குல அணைப்பு

போர்டு எழுதுகிறவரின் இடது கை, இருபத்தெட்டு அங்குல இடுப்பு ஒன்றை அணைத்தபடியே எலும்பு கட்டிப்போனது. இடுப்பு மட்டும் அங்கே இல்லை. சாரத்திலிருந்து விழுந்து நாற்பது நாள் நினைவில்லாமல் கிடந்தவர் கண் விழித்தபோது, முழங்கைச் சதைக்குள் புது எலும்பு முளைத்திருந்தது. மூளையில் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, முற்றட்டும், ஒன்றரை வருஷம் கழித்து வெட்டியெடுக்கலாம் என்றார் டாக்டர். இருபத்தெட்டு என்று அளந்து சொன்னது மனைவி. பெண்களுக்கு உடை தைப்பவள்; அதுவரை அவள் அளவு பிசகியதாக ஒரு புகாரும் கிடையாது. அவளுடைய இடுப்பு முப்பத்தாறு.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பித்தான் தைக்க வந்தவளுக்குக்கூட இடுப்பளவு எடுத்தாள். பதினோரு வருஷத்து அளவு நோட்டுகளைப் புரட்டி, இருபத்தெட்டு என்றிருந்த ஒன்பது பேரைச் சிவப்பு மையில் சுழித்தாள். அந்த ஒன்பது பேருக்கும் அதற்குப்பின் தைத்ததெல்லாம் அக்குளில் இறுக்கிப் பிடித்தது. கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்ணை அளக்கவே வேண்டியிருக்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது. அவள் வந்துபோன நாட்களில் அவர் கையின் அந்த வளைவு வேறு லேசாகச் சுட்டது.

கடைசியில் மனைவி அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

“யாருங்க அந்த இருபத்தெட்டு?”

“என் பேரே எனக்குப் போன வாரந்தான் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள அடுத்தவ இடுப்பைக் கேக்குற.”

“அடுத்தவ இடுப்புன்னு நான் சொல்லவே இல்லையே.”



இறுக்கிப் பிடிக்கிற உடுப்பைத் தூக்கிப் போடுகிறவள் அல்ல அவள், தையலைப் பிரித்துவிடுகிறவள். மறுநாள் மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து, ஒருக்களித்து அந்த வளைவுக்குள் தன்னைத் திணித்துக்கொண்டாள். மூச்சு முட்டியது, விடவில்லை. தினமும் அரை மணி நேரம். வாரத்துக்கு ஒரு நூல் வீதம், எட்டு வாரத்துக்கு ஓர் அங்குலம், எலும்பு விட்டுக்கொடுத்தது. எக்ஸ்ரே எடுத்தவர், எலும்பில் பிரித்துத் தைத்த கோடு தெரிவதாகச் சொன்னார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். பயிற்சிப் பெண், தனக்கு அங்கே பிடிக்க இடமில்லை என்று வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒன்றரை வருஷம் முடிந்ததும், வெட்டிவிட்டால் கை நேராகிவிடும் என்று டாக்டர் தேதி கொடுத்தார். கணவர் மனைவியைப் பார்த்தார்.

“இப்பதான் சார் எனக்கு அளவா வந்திருக்கு. நேராக்கிட்டா, மறுபடி யாரு அளவுக்கு மடங்குமோ?”

வெட்டினாலும் சிலருக்குத் திரும்ப வளர்வதுண்டு என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். கணவர் நல்ல கையால் தேதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலங்களில் அவள் அந்த வளைவுக்குள்ளேயே கடைத்தெருவுக்கு நடக்கிறாள். சந்துகளில் எதிரே வருகிறவர்கள், கட்டில் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கி நிற்கிறார்கள். பெண்கள் மட்டும் இரண்டடி கூடுதலாக.